பாடசாலை வாசலில் உறுமும் பஸ்: ஸ்குரூவைத் திருகினால் நோய் தீராது



எமதூர் பாடசாலை மதிலோரம் காலையில் பஸ்கள் ஆள் சேரும்வரை என்ஜினை நிறுத்தாமலே நிற்கின்றன. வீதியோர வகுப்புகளில் பாடம் கேட்பதில்லை. புகையால் யன்னலைத் திறக்கவும் முடிவதில்லை. இதை நாம் வெளிப்படையாகப் பேசத்தான் வேண்டும்.

பெரிய டீசல் என்ஜின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 600, 700 சுற்று ஓடினாலே பொதுவாகப் போதும். சரியான அளவு அந்தந்த என்ஜினின் கைநூலில் இருக்கும். ஆனால் பழைய பஸ்கள் பலவற்றில் இந்த 'ஸ்லோ'வைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஏன்? குறைத்தால் என்ஜின் நடுங்குகிறது, நின்றுவிடுகிறது. நின்றால் பெற்றரி பலவீனம், திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

நோய் வேறிடத்தில் இருக்கிறது. அடைபட்ட டீசல் ஃபில்டர், குழாயில் புகுந்த காற்று, தேய்ந்த நொசில், பம்பின் கவர்னரில் தளர்ந்த ஸ்பிரிங். இவற்றைப் பார்க்காமல் ஸ்குரூவை மட்டும் திருகுவது, காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துவது போன்றது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அக்சிலேட்டர் கேபிள் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, மீற்றர் வைத்துத்தான் ஸ்லோ வைக்க வேண்டும். சீல் வைத்த உச்சவேக ஸ்குரூவில் கை வைக்கவே கூடாது.

நட்டம் முதலாளிக்கும்தான். சும்மா நிற்கும் பஸ் மணித்தியாலத்துக்கு 2, 3 லீற்றர் வரை டீசல் குடிக்கும். ஸ்லோ கூடினால் இன்னும் அதிகம். 2022இல் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்குப் போனதும், நாள்கணக்கில் வரிசையில் கிடந்ததும் அதற்குள் மறந்துவிட்டதா?

பிள்ளைகளின் நெஞ்சுக்கு வரும் நட்டத்தை எந்தக் காசாலும் அடைக்க முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே வகைப்படுத்திவிட்டது.

சாரதிமாரை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. பிரேக்குக்குக் காற்று நிரம்பக் காலையில் சில நிமிடம் என்ஜின் ஓடத்தான் வேண்டும். பெற்றரிக்கும் நொசிலுக்கும் காசு கொடுக்க வேண்டியவர் முதலாளி. கொடுக்காவிட்டால் சாரதி என்ன செய்வார்?

ஆகவே எமது கோரிக்கை மூன்றுதான். பாடசாலை வாசலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் என்ஜினை நிறுத்துங்கள். ஆள் சேர்க்கும் இடத்தை மதிலைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலாளிமாரே, ஸ்குரூவைத் திருகச் சொல்லாமல் பழுதைத் திருத்தக் கொடுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து அவர்களைக் கூப்பிட்டு முகம்கோணாமல் பேசினால் இது நடக்கும், இன்ஷா அல்லாஹ்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று வகுப்பில் படித்துக்கொடுக்கிறோம். கல்லும் முள்ளும் மட்டுமா தொல்லை? பிள்ளைகள் மூச்சில் இழுக்கும் புகையும் தொல்லைதான்.