திருமுக்கூடல் பாடசாலையும் பென்னலூர்ப் பிள்ளைகளும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரைச் சுற்றி இந்நாளில் கண்ணில் படுபவை பெரும்பாலும் ஆலைகளே. வட்டாரத்தின் பெருமை யாதெனக் கேட்டால் இளைஞர்கள் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிய இருங்காட்டுக்கோட்டையைச் சொல்வார்கள். பெரியவர்கள் 1017இல் இராமாநுஜர் அவதரித்த பூமி என்பார்கள். இரண்டும் மெய்தான். ஆனால், வாலாஜாபாத் வழியே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயணம் செய்தால், ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் வரவு செலவுக் கணக்கையே கல்லில் பார்க்கலாம். அதை அறிந்தவர் எத்தனை பேர்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 1069ஆம் ஆண்டை ஒட்டியது. கோயிலின் ஜனநாத மண்டபத்தில் பாடசாலையும் மாணவர் விடுதியும் நடந்தன. ரிக் வேதம் படிப்போர் 10 பேர், யஜுர் வேதம் படிப்போர் 10 பேர், வியாகரணம் படிப்போர் 20 பேர். பிறரையும் சேர்த்து 60 மாணவர்கள். அவர்கள் படுக்கப் பாய், இரவில் எரிக்க விளக்கு, சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் என ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய விடுதி வார்டன்கள் ஒருமுறை படித்துப் பார்த்தால் நல்லது!

பக்கத்திலேயே 'வீரசோழன்' என்ற ஆதுலசாலை. அதில் 15 படுக்கைகள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் ஆகியோருக்கும் ஊதியம் உண்டு. ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளுக்கும் ஜாபிதா உண்டு. இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வயலைக்காவூர் என்ற கிராமத்தின் வரி கோயிலுக்கு விடப்பட்டிருந்தது. உழவனின் வியர்வைதான் பாடசாலை விளக்கில் எண்ணெயாக எரிந்தது.

அந்த உழவனின் பிள்ளைக்கு அப்பாடசாலையில் இடமிருந்ததா? இல்லை. அது வேதம் கற்கும் அந்தணப் பிள்ளைகளுக்கான இடம். பழம்பெருமை பேசுவோர் இதை நைஸாக விழுங்கிவிடுவதுண்டு, அது சரியல்ல. கல்வெட்டைப் போற்றுகிறவர்கள் அதில் இல்லாதவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் படித்தது திண்ணையில். மணலில் எழுதி, எண்சுவடி ஒப்பித்து, சட்டாம்பிள்ளையின் கையால் அடியும் வாங்கி வளர்ந்த கூட்டம் அது. 1822இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ பள்ளிக் கணக்கு கேட்டார். 1826இல் அவர் தொகுத்துக் கொடுத்தபோது ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தேறியது. அதிலும் பெண் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. சேரிப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க வெகுகாலம் பிடித்தது. ஏழைப் பிள்ளையும் பசியாறிப் படிக்கட்டும் என்று காமராஜ் சர்க்கார் 1956இல் மதிய உணவு தந்த பிறகுதான் கிராமப் பள்ளிகள் நிரம்பத் தொடங்கின.

அப்படி நிரம்பிய ஓட்டுக் கட்டிடங்களுக்கு இப்போது ஆபத்து. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். பழுதான கட்டிடங்களை இடிக்கச் சர்க்கார் உத்தரவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையின் உயிரைவிட ஓடு பெரிதல்ல. ஆனால் செங்கல்லோடு சேர்த்துத் திறப்பு விழாக் கல்லும், பழைய சேர்க்கைப் பதிவேடும் குப்பைக்குப் போக வேண்டுமா? எந்த வீட்டுப் பிள்ளை முதன்முதலில் பள்ளிப்படி ஏறியது என்பதற்கு அந்தப் பதிவேட்டைத் தவிர வேறு கல்வெட்டு ஏது?

செலவுக்கு வழி இல்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. கல்வியும் அதில் அடங்கும். சரித்திரச் சிறப்புள்ள கட்டிடங்களைக் காப்பதும் அடங்கும். வயலைக்காவூர் வரி பாடசாலைக்குப் போன ஜில்லா இது. ஒரகடம் லாபத்தில் ஒரு துளி, பென்னலூர் போன்ற ஊர்களின் பதிவேடுகளைப் படமெடுத்துப் பத்திரப்படுத்தப் போகலாகாதா? இடிக்கும் முன் கட்டிடத்தை அளந்து வரைபடம் எடுக்கலாம். திறப்பு விழாக் கல்லைப் புதுச் சுவரிலேயே பதிக்கலாம். திருமுக்கூடல் கல்வெட்டின் சாரத்தை எளிய தமிழில் அச்சடித்து வகுப்புக்கு ஒன்று மாட்டலாம். ஆண்டுக்கொரு நாள், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களில் இரண்டை இரவல் வாங்கினால் பிள்ளைகள் அந்த மண்டபத்தையும் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்.