மடுவத்தையும் காட்டுங்கள்

விடுமுறைக்கு வரும் வெளிநாட்டாருக்கு நம் தேயிலை ஸ்டோரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கொழுந்து வாட்டும் தட்டு, அரைக்கும் ரோதை, அடுப்பு, சலிப்பு, கடைசியில் ஒரு கோப்பைத் தேநீர். (அது நல்ல ரகம், நமக்கு வருவது டஸ்ட்.) 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரையும் சொல்வார்கள். அவருக்காகக் காடு வெட்டியவர்களுக்குப் பெயர் இல்லை.

சுற்றுலாவை நாம் எதிர்க்கவில்லை. வருகிறவர்கள் வரட்டும். ஆனால் கொழுந்து மடுவத்திலிருந்து தொடங்கட்டும். நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், கிலோ குறைந்தால் பேர் எப்படி அரைப்பேர் ஆகிறது என்பதையும் பார்க்கட்டும். கூடை சுமக்கும் நம் பெண்களைப் படம் எடுக்குமுன் அவர்களிடம் கேட்கட்டும்.

டிக்கெட் காசில் ஒரு பங்கு லயத்துக் கூரைக்கு வரவேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்போம். உங்கள் தோட்டத்தில் டிக்கெட் என்ன விலை? தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள்.