படத்துக்குத்தான் விலை, பெண்ணுக்கு அல்ல!

கடத்தல் கும்பலிடம் சிக்கி மீட்கப்பட்ட பெண்களுக்கு உதவுவதற்காகப் பல ஊர்களில் ஓவியக் கண்காட்சி நடத்துகிறார்கள். சில இடங்களில் பெயர் பெற்ற ஓவியர்கள் தங்கள் படங்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். சில இடங்களில் அந்தப் பெண்களே வரைந்த படமும், பூவேலை செய்த துணியும் விற்பனைக்கு வருகின்றன. வசதி உள்ளவர்கள் வாங்குகிறார்கள். வரும் பணம் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் வக்கீல் செலவுக்கும் போகிறது.

நல்ல காரியம். சபாஷ் சொல்ல வேண்டியதுதான்!

ஆனால் வாங்குகிறவர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பணம் யார் கைக்குப் போகிறது? எவ்வளவு போகிறது? அந்தப் பெண்ணின் முகத்தையும் கதையையும் காட்டித்தான் படம் விற்கப்படுகிறதா?

கத்தரிக்காய் வாங்கினால்கூட சொத்தையா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஜனங்கள், தர்மக் காரியம் என்றால் வாயைத் திறப்பதில்லை. "கேட்டால் தப்பாக நினைப்பாங்களோ" என்று ஒரு கூச்சம். கோளாறு தொடங்குவதே அந்தக் கூச்சத்தில்தான்.

ஆஸ்கார் வாங்கிய கதை

கொல்கத்தாவில் உள்ள சோனாகாச்சி, நாட்டிலேயே மிகப் பெரிய சிவப்பு விளக்குப் பகுதிகளில் ஒன்று. ஜானா பிரிஸ்கி என்ற பெண் போட்டோகிராபர் 1998-ல் அங்கே போனார். 2000-ம் ஆண்டு முதல் அங்குள்ள சிறுவர் சிறுமியருக்குக் காமிரா கொடுத்து, படம் எடுக்கக் கற்றுக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் கடத்தி வரப்பட்டவர்கள் அல்ல. அங்கே தொழில் செய்யும் பெண்களுக்குப் பிறந்தவர்கள். ஆனால் வளர்ந்தால் அதே குழியில் விழும் ஆபத்து அவர்களுக்கும் இருந்தது.

பிள்ளைகள் எடுத்த போட்டோக்கள் நியூயார்க்கில் உள்ள சதபீஸ் ஏலக் கம்பெனி வரை போயின. விற்ற பணம் அவர்கள் படிப்புக்கு என்று ஒதுக்கப்பட்டது. இந்தக் கதை 2004-ல் டாக்குமெண்டரி படமாக வந்தது. 2005-ல் ஆஸ்கார் பரிசும் பெற்றது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. சில பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் சேர்ந்து படித்தார்கள். சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள். அந்தப் படமே கடைசியில் அதைச் சொல்கிறது. தாய்மார்களைப் பொறுப்பில்லாதவர்களாகக் காட்டிவிட்டார்கள், பிள்ளைகளுக்காக அவர்கள் தாங்களே எடுத்த முயற்சிகளை மறைத்துவிட்டார்கள் என்று, சோனாகாச்சி பெண்களின் அமைப்பான 'துர்பார்' குறை கூறியது.

பணம் திரட்டியவரின் நல்ல மனசைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்காகப் பணம் திரட்டுகிறோமோ, அவர்களுக்கும் ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய் பேசுவதையும் கேட்க வேண்டும். சோனாகாச்சி சொல்லும் பாடம் இதுதான்.

முகம் எதற்கு?

கண்காட்சியில் படத்துக்குக் கீழே ஒரு அட்டை தொங்கும். "இந்தப் பெண் 14 வயதில் விற்கப்பட்டாள். இத்தனை வருஷம் சித்ரவதை அனுபவித்தாள்" என்று எழுதியிருக்கும். படிக்கிறவர் கண் கலங்கும். பர்ஸ் திறக்கும்.

ஒருமுறை அவள் உடம்பை விற்றார்கள். இப்போது அவள் கண்ணீரை விற்கிறார்கள். வாங்குகிற ஆள் நல்லவர் என்பதால் இது சரியாகிவிடுமா?

முகம் வெளியே தெரிந்தால் ஆபத்து வேறு இருக்கிறது. கடத்தல் வழக்கில் முக்கிய சாட்சி அந்தப் பெண்தான். அவளை விற்ற புரோக்கர் ஜாமீனில் வெளியே வந்து, ஊரில் உலவிக்கொண்டு இருக்கலாம். அவள் போட்டோவும் ஊர்ப் பெயரும் அச்சில் வந்தால், ஆளைத் தேடி மிரட்டுவது அவனுக்கு எவ்வளவு சுலபம்!

சிறுமிகள் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், போட்டோ, பள்ளிக்கூடம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று கண்காட்சி நடத்துகிறவர்கள் நினைத்துவிடக் கூடாது.

முகம் காட்டாமலே மனசைத் தொட முடியும். கொல்கத்தாவைச் சேர்ந்த கலைஞர் லீனா கெஜ்ரிவால் அதைச் செய்து காட்டினார். 2014-ல் டெல்லி ஓவியச் சந்தையில் ஒரு சிறுமியின் உருவத்தைக் கருப்பு நிழலாக நிறுத்தி வைத்தார். கண் இல்லை, மூக்கு இல்லை, பெயர் இல்லை. வானத்தில் வெட்டிய ஓட்டை போல ஒரு நிழல் மட்டும்! காணாமல் போன பெண் என்றால் என்ன என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது. பிறகு அதே உருவம் பல நகரங்களின் சுவர்களிலும் ஏறியது.

சென்னைக்குத் தெரியாதா?

இது ஏதோ வடக்கே நடக்கிற சங்கதி என்று ஒதுக்க முடியாது. 1990-ல் பம்பாய் விபசார விடுதிகளில் இருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மீட்கப்பட்டு, ரெயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அந்த விஷயம் வெளியே வந்துவிட்டது.

உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட முடியுமா? மீட்டுக் கொண்டுவருவதோடு வேலை முடிந்துவிடாது. அவள் தலைநிமிர்ந்து நடக்க வழி செய்வதுதான் பெரிய வேலை. அதற்குப் பணம் வேண்டும். ரகசியமும் வேண்டும்.

கணக்கு எங்கே?

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு படம் 10 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். கேலரிக்காரர்கள் சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கமிஷன் எடுப்பார்கள். துணி, வர்ணம், சட்டம் போட்ட செலவு தனி. போகப் போக, வரைந்தவள் கைக்கு வருவது கொஞ்சம்தான்.

செலவு இருப்பது தப்பில்லை. மறைப்பதுதான் தப்பு. "இவ்வளவுக்கு விற்றது, இவ்வளவு செலவு, இவ்வளவு அவளுக்கு" என்று வாசலிலேயே எழுதி ஒட்டலாமே! வரைந்த பெண்ணின் பெயரில் பாங்கியில் கணக்குத் தொடங்கி, பணத்தை நேராக அதில் போடலாமே! அது பிச்சையல்ல, அவள் கூலி.

அந்தப் பெண்களுக்கு நிர்வாகம் தெரியுமா என்று கேட்கிறவர்கள், நேபாளத்தைப் பார்க்கட்டும். 1996-ல் மும்பை விடுதிகளில் போலீசார் நடத்திய வேட்டையில் ஏராளமான நேபாளப் பெண்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களைத் திரும்ப ஏற்க நேபாள அரசே தயங்கியது. தொண்டு நிறுவனங்கள்தான் அழைத்துப் போயின. அப்படித் திரும்பிய பெண்களில் சிலர் சேர்ந்து 'சக்தி சமூஹா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2013-ல் அதற்கு மகசேசே விருது கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்களே நடத்துகிற அமைப்பு அது!

சர்க்கார் கடமை

படம் வரைவது அந்தப் பெண்களுக்கு ஒரு மருந்து. வாயால் சொல்ல முடியாததை வர்ணத்தில் சொல்ல முடியும். ஆனால் மருந்து வேறு, சோறு வேறு. எல்லாரும் ஓவியர் ஆக முடியாது. கண்காட்சி வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ நடக்கும். அடுப்பு தினமும் எரிய வேண்டும். தையலோ, நர்ஸ் வேலையோ, கம்ப்யூட்டரோ, அவள் விரும்புகிற தொழிலைக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

ஓவியம் விற்கிறது என்பதற்காக அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கொத்தடிமைகளின் மறுவாழ்வுக்காக 2016-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கடத்தல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கு அதன்படி ரூ.3 லட்சம் உண்டு. ஆனால் உடனே கிடைப்பது சில ஆயிரம்தான். பெரிய தொகையை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டார்கள். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. அதுவரை அவள் என்ன சாப்பிடுவாள்? அந்த முடிச்சை அவிழ்ப்பது அரசின் பொறுப்பு.

ஓவியம் வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். வீட்டுச் சுவரில் அழகாக மாட்டட்டும். படம் பிடித்திருந்தால் போதும். வரைந்தவள் யார், எந்த ஊர், என்ன நடந்தது என்று துருவ வேண்டாம்.

துருவ வேண்டியது ரசீதை!