16 வயதில் கையில் அரிவாள்: சிறுவர்கள் ஏன் கேங்குகளில் சேர்கிறார்கள்? மீட்பது எப்படி?

புனேயில் வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் 'கோய்தா கேங்' என்ற பெயரை உள்ளூர் செய்திகளில் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். கோய்தா என்பது கரும்பு வெட்டும் அரிவாள். அதைத் தூக்கிக்கொண்டு இரவில் தெருவில் இறங்கி, நிற்கும் வண்டிகளை உடைத்து, கடைக்காரர்களை மிரட்டும் குழுக்களுக்குத்தான் இந்தப் பெயர். பிடிபடுபவர்களில் பலர் 18 வயதைத் தாண்டாதவர்கள். நிலைமை முற்றியதால், கோய்தா வாங்க வருபவரிடம் ஆதார் விவரம் கேட்கும்படி 2023-ல் கடைக்காரர்களுக்கு போலீஸ் சொல்லவேண்டி வந்தது.

டெல்லியில் 2022 ஜனவரியில் இன்னொரு சம்பவம். ஜஹாங்கிர்புரியில் ஓர் இளைஞரைக் குத்திக் கொன்ற வழக்கில் மூன்று சிறுவர்கள் பிடிபட்டார்கள். தாக்குதலை மொபைலில் வீடியோ எடுத்து, இன்ஸ்டாகிராமில் போட்டுப் பெயர் வாங்குவது அவர்களின் திட்டம் என்றது போலீஸ்.

இதைப் படித்ததும், "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்று தோன்றலாம். முதலில் எண்களைப் பார்ப்போம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, சிறார்கள் மீது 2022-ல் 30,555 வழக்குகளும் 2023-ல் 31,365 வழக்குகளும் பதிவாகின. உயர்வு 3 சதவீதத்துக்கும் கீழே. 2022-ல் நாடு முழுக்கப் பதிவான மொத்த வழக்குகள் 58 லட்சத்துக்கு மேல். அதில் சிறார்களின் பங்கு 200-ல் ஒன்று அளவுதான். ஆக, ஒரு தலைமுறையே கெட்டுப்போய்விட்டது என்பதற்கு இங்கே ஆதாரம் இல்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. பிடிபட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் 16 முதல் 18 வயதுக்காரர்கள். பெரும்பாலோர் பெற்றோருடன் வீட்டில் வாழ்பவர்கள். வீடற்ற சிறுவர்களின் பங்கு மிகக் குறைவு. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: இவை போலீஸ் பதிவு செய்த வழக்குகள் மட்டுமே. இவர்களில் எத்தனை பேர் கேங்கில் இருந்தவர்கள் என்ற தனிக் கணக்கு இதில் கிடையாது.

ஏன் சேர்கிறார்கள்?

யாரும் ஒரே நாளில் கேங்கில் சேர்வதில்லை. ஏரியா அண்ணன் டீ வாங்கித் தருவார், பைக் ஓட்டக் கொடுப்பார். பிறகு, "இந்த பார்சலைக் கொடுத்துட்டு வாடா" என்பார். முடியாது என்று சொல்லவேண்டிய நேரம் வரும்போது, பையன் பணத்துக்கும் நன்றிக்கும் கடன்பட்டிருப்பான்.

பணம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் பல நேரங்களில் பயம். பக்கத்துத் தெருப் பசங்களிடம் அடி வாங்குபவனுக்கு, பின்னால் நான்கு பேர் நிற்பது பாதுகாப்பாகத் தெரியும். பள்ளியில் ஃபெயில், வீட்டில் திட்டு என்று இருப்பவனுக்கு, முதன்முதலில் மரியாதை கிடைக்கும் இடமும் அதுவாக இருக்கலாம்.

நம் சட்டங்களுக்கு நடுவே ஓர் இடைவெளியும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. முறையான வேலைக்கோ பெரும்பாலும் 18 ஆகவேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பையன் நடுவில் உள்ள வருடங்களில் என்ன செய்வான்? அந்த வயதில் அவனைத் தேடி வந்து வேலை கொடுப்பது கேங் மட்டும்தான்.

தாதாக்களுக்கு ஏன் சிறுவர்கள் வேண்டும்?

2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவர் ஒருவரைச் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டுகள் வைக்கலாம். கொடுங்குற்றம் என்றால் மட்டும், 16 வயது நிரம்பியவரை முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு பெரியவர் போல விசாரிக்க வழி உண்டு. கேங் தலைவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

நம்மில் பலருக்குத் தெரியாதது மறுபக்கம். சிறுவர்களைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு அதே சட்டத்தின் 83-வது பிரிவில் 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-வது பிரிவு 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. சிறுவன் அந்தக் குற்றத்தைச் செய்துவிட்டால், ஏவியவரே செய்ததாகக் கருதித் தண்டிக்கவும் அதில் இடமிருக்கிறது.

தண்டனையைக் கூட்டினால் போதாதா?

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் எழும் கோரிக்கை இது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கோபம் நியாயமானது. ஆனால் பயமுறுத்துவது பலன் தருமா? அமெரிக்காவில் பதின்வயதினரைச் சிறைக்குள் அழைத்துப்போய், கைதிகளை வைத்து மிரட்டும் திட்டங்கள் நடந்தன. அவற்றை ஆய்வு செய்தபோது, பங்கேற்றவர்களிடம் குற்றம் குறையவில்லை, கூடியிருந்தது.

பலன் தந்தவையும் உண்டு. சிகாகோவில் 8 வாரம் சம்பளத்தோடு கோடைகால வேலை கிடைத்த மாணவர்களிடம், வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் அடுத்த 16 மாதங்களில் 43 சதவீதம் குறைவாக இருந்தன. கோபம் வரும்போது ஒரு நிமிடம் நின்று யோசிக்கப் பழக்கும் 'பிகமிங் எ மேன்' என்ற பள்ளித் திட்டமும், அது நடந்த காலத்தில் இத்தகைய கைதுகளைப் பாதியளவு குறைத்தது. ராச்செஸ்டர் நகரில் நடந்த நீண்டகால ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: கேங்கில் இருக்கும் காலத்தில்தான் குற்றம் ஏறுகிறது, வெளியே வந்தால் இறங்குகிறது. பெரும்பாலோர் ஓரிரு வருடத்தில் விலகியும் விடுகிறார்கள். அதாவது, மீட்க முடியாதவன் என்று யாரையும் சீக்கிரம் கைகழுவ வேண்டியதில்லை.

நம் ஊரிலும் முயற்சிகள் இருக்கின்றன. முதல்முறை சிறை சென்ற 18 முதல் 24 வயதினருக்காக, சென்னை போலீஸ் 2022-ல் 'பறவை' திட்டத்தைத் தொடங்கியது. சட்ட உதவி, போதை மீட்பு, வேலைப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அது தொடங்கும் வயதே 18. இடைவெளி அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• உங்கள் தம்பியோ, அக்கா மகனோ, தெரிந்த பையனோ திடீரென்று ஸ்கூலுக்கு மட்டம் போடுகிறானா? புது போன், ராத்திரி நேரத்து அழைப்பு என்று இருக்கிறானா? "அவனுங்க கூட சேராத" என்று ஆரம்பிக்காதீர்கள். "யாருக்காவது பயப்படுறியா? யாருக்காவது காசு தரணுமா?" என்று கேளுங்கள்.

• படிப்பை விட்டிருந்தால், தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத உதவுங்கள்.

• உங்கள் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் குழுவிடம் பேசுங்கள். ஆபத்தில்லாத தொழில்களில் 14 வயதிலிருந்தே அப்ரென்டிஸ் ஆகச் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது.

• வழக்கில் சிக்கிய சிறுவரின் முகம், பெயர் தெரியும் வீடியோவை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அவன் தேடிய பெயரையும் நீங்களே வாங்கிக் கொடுக்கிறீர்கள்.

• ஒரு பையனைப் பெரியவர்கள் கட்டாயப்படுத்துவது தெரிந்தால், 1098-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண் அது.

அடுத்த முறை "3 சிறுவர்கள் கைது" என்ற செய்தி வரும்போது, அதன் கீழே இன்னொரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்: அவர்களை அனுப்பிய பெரியவர் மீது 83-வது பிரிவிலோ 95-வது பிரிவிலோ வழக்கு பதிவானதா? இல்லை என்றால், அந்த அரிவாள் அடுத்த பையனின் கைக்குப் போய்விடும்.