கார்னிஸ் என்பது நிழலின் வேலை

வீட்டு உள்ளலங்காரத்தில் கார்னிஸும் பீடிங்கும் மறுபடி மவுசு பெற்றுவிட்டன. சென்னையிலும் கோவையிலும் புது அடுக்ககங்களில் சுவர்தோறும் சட்டம் ஒட்டுகிறோம். வீட்டுக்காரர் எங்கோ படத்தில் பார்த்ததைக் கேட்கிறார். நாம் கடைப் பட்டியலைப் புரட்டி ஒன்றைக் காட்டுகிறோம். அந்த அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று இருவருமே கேட்பதில்லை. அதைக் கேட்காமல் ஓர் அடி மோல்டிங்கூட வாங்கக் கூடாது என்பதே இவ்விதழின் உறுதியான கருத்து. இதற்குப் பாடம் படிக்க நல்ல இடம் தெற்குக் கொல்கத்தாவின் டாலிகஞ்ச்.

ஆதி கங்கையின் தூர்ந்த தடத்தை 1770-களில் வெட்டிக் கால்வாயாக்கிய வில்லியம் டாலியின் பெயரைத் தாங்கிய பகுதி இது. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு திப்பு சுல்தானின் மக்களை வேலூர்க் கோட்டையிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தியது இந்தப் பக்கத்தில்தான். 1931-இல் பி. என். சர்க்கார் நியூ தியேட்டர்ஸைத் தொடங்க, வங்க சினிமா இங்கே வேரூன்றியது. இவற்றுக்கு நடுவே, கடந்த நூற்றாண்டின் முற்பாதியில், வக்கீல்களும் டாக்டர்களும் அரசு ஊழியர்களும் தங்கள் சேமிப்பில் கட்டிய வீடுகள் தெற்குக் கொல்கத்தா முழுக்க எழுந்தன. எழுத்தாளர் அமித் சௌதுரி 2015-இல் காக்கச் சொல்லி இயக்கம் தொடங்கியது இந்த வீடுகளுக்காகத்தான். அரண்மனைகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இவற்றுக்கு இல்லை.

அந்த வீடுகளின் அறையைத் தொழில் கண்ணோடு பாருங்கள். தரை, கறுப்புக் கரை போட்ட சிவப்பு சிமெண்ட். ஜன்னலுக்கு 'கொர்கொரி' என்னும் மரப்பட்டிக் கதவு. பட்டிகள் வெளிப்புறம் சரிந்து நேர் வெயிலைத் தடுக்கும்; தெருவிலும் வராந்தாவிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். அந்த வெளிச்சம் கீழிருந்து மேலே, கூரையை நோக்கிப் போகிறது. ஆகவே சுவரின் உச்சியில் ஓடும் கார்னிஸின் அடிப்பக்கம்தான் ஒளி பெறுகிறது. நல்ல மேஸ்திரி இழுத்த கார்னிஸில் அடிப்பக்கம் ஆழமாகக் குடையப்பட்டிருப்பதன் பயன் இங்கே தெரியும். கொர்கொரிக் கதவைச் சாத்திய மத்தியானத்திலும், பட்டிகளின் வழியே வரும் வெளிச்சத்தில் அந்தக் கோடு தெரியும்.

மோல்டிங்கின் இலக்கணம் எளியது. மேலிருந்து ஒளி விழும்போது குவிந்த வளைவின் மேற்புறம் வெளுக்கும், அடி இருளும். குழிந்த வளைவில் இது தலைகீழ். தட்டையான மெல்லிய பட்டி இரண்டையும் பிரித்துக் கூரிய கோடு தரும். ஒளி கீழிருந்து வந்தால் எல்லாம் இடம் மாறும். இது நமக்குப் புதிதும் அல்ல. கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ஜகதி என்னும் கீழ்ப் படைக்கு மேல் உருண்டு திரண்ட குமுதம், அதன்மேல் உள்வாங்கிய கண்டம், வெளியே நீண்ட பட்டிகை என்று நம் சிற்பிகள் அடுக்கியதும் இதே கணக்குத்தான். கூரை விளிம்பான கபோதத்தின் வளைவு தன் கீழே ஒரு நிழல் பட்டையை இழுத்துக்கொண்டே போகிறது. கல்லில் தெரிந்த இந்த அறிவு பிளாஸ்டரில் நம்மைவிட்டு ஏன் போக வேண்டும்?

கொல்கத்தாவின் சினிமா ஸ்டூடியோக்கள் இதே பாடத்தை வேறு வழியில் கற்றன. 1956-இல் வந்த 'அபராஜிதோ' படத்துக்காகக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டினார். மேலே வெள்ளைத் துணியை விரித்து, அதில் விளக்கொளியை மோதவிட்டு வானத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. அப்படிப் பரவும் ஒளியில் மேலோட்டமான சித்திர வேலை காணாமல் போகும், ஆழமுள்ளதே நிற்கும். 1964-இன் 'சாருலதா'வில் நாம் பார்க்கும் 19-ஆம் நூற்றாண்டுப் பெரிய வீட்டின் உட்புறமும் அரங்கமே. கதவு நிலையும் சுவரும் ஒளியோடு சேர்த்து யோசிக்கப்பட்டதால்தான் அதை வீடு என்று நம்பினோம்.

இன்றைய அடுக்ககத்துக்கு வருவோம். ஃபால்ஸ் சீலிங் போட்டபின் அறையின் உயரம் ஒன்பது அடிதான் மிஞ்சுகிறது. அதில் ஆறு அங்குல கார்னிஸ் வைத்தால் கூரை தலைமேல் இறங்கிவிடும். மூன்று, மூன்றரை அங்குலம் போதும். அதன் பின்னால் எல்இடி பட்டையை ஒளித்துவைப்பது இப்போதைய வழக்கம். கூரை பளிச்சிடும், கார்னிஸின் முகமோ இருட்டில் விழும். அங்கே பூவும் கொடியும் வீண் செலவு. சுத்தமான ஒரே வளைவு போதும்.

ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு காரியம் உண்டு. ஸ்கர்ட்டிங் சுவரைத் துடைப்பத்திலிருந்தும் ஈரத் துணியிலிருந்தும் காக்கிறது. கதவைச் சுற்றிய பட்டை, நிலைக்கும் பூச்சுக்கும் இடையில் விழும் விரிசலை மறைக்கிறது. நாற்காலி உயரத்துச் சட்டம் முதுகுச் சாய்வின் இடியைத் தாங்குகிறது. காரியம் இல்லாத இடத்தில் சட்டம் தூசி தங்கும் திண்ணைதான்.

பொருளிலும் கவனம் வேண்டும். ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் மழை பெறும் கொல்கத்தாவிலும், கடலோரச் சென்னையிலும் சுவர் ஈரம் குடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகியபின் ஜிப்சமே. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 2 கிராம் கரையும். ஓயாமல் ஈரம் ஊறும் சுவரில் அது நிலைக்காது. எம்டிஎஃப் ஸ்கர்ட்டிங் அடியில் தண்ணீர் பட்டால் ஊதும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். வங்கத்தில் 'பங்க்' வேலை என்றும் செட்டிநாட்டில் முட்டைப் பூச்சு என்றும் வழங்கும் நயமான சுண்ணாம்பு வேலைகள் தலைமுறைகள் தாண்டி நிற்பதற்கு இதுவும் காரணம். அவற்றின்மேல் ஈரம் வெளியேற விடாத பெயின்ட்டை அடிக்காதீர்கள்.

தகரத்தில் வெட்டிய அச்சை மரச்சட்டத்தில் பொருத்தி, ஈரப் பூச்சின்மேல் இழுத்துக்கொண்டே ஓடி கார்னிஸை உருவாக்கும் மேஸ்திரிகள் குறைந்துவருகிறார்கள். அவர்கள் செய்த வீடுகளும் இடிக்கப்படுகின்றன. அச்சு தொலைந்தாலும் வடிவம் சுவரில் இருக்கிறது; சுவரும் போனால் எதுவும் இல்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டாலிகஞ்சோ, காரைக்குடியோ, மயிலாப்பூரோ, பழைய வீடு ஒன்று இடிபடப் போவதாகத் தெரிந்தால் உரிமையாளரிடம் ஒரு நாள் அனுமதி கேளுங்கள். கார்னிஸின்மேல் படிந்த பழைய வெள்ளைப்பூச்சைத் தண்ணீர் தடவி மெல்லச் சுரண்டுங்கள். அதற்குள் அடைபட்ட கூர்மை அப்போதுதான் வெளிப்படும். குறுக்குவெட்டை அதே அளவில் தாளில் வரையுங்கள். அறையின் உயரம், ஜன்னலின் திசை, தரையின் நிறம் மூன்றையும் ஓரத்தில் குறியுங்கள். அடுத்த வேலையில் பட்டியலைத் திறப்பதற்கு முன் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.