பின்வரிசைக்கும் கேட்கட்டும்

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 14:7-9



கடந்த மாதம் நம் வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றில், வாலிபத் தம்பி ஒருவர் தமது அக்கூஸ்டிக் கிட்டாரை, இரவல் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து வாசித்தார். கூட்டம் முடிந்ததும், பின்வரிசையில் சுவரோரமாய் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, தம்பி நல்லாத்தான் வாசிச்சாரு. நீங்க என்ன பாட்டுப் பாடுனீங்க?" என்று கேட்டார். பார்வை மங்கியபடியால் பாட்டுப்புத்தகத்தை வாசிக்க இயலாதவர் அவர்; காதால் கேட்டே உடன்பாடுகிறவர். அன்று அவர் வாய்திறக்கவே இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

கொரிந்து சபைக்கு எழுதுகையில் பவுல் அப்போஸ்தலன் இசைக்கருவிகளையே உவமையாக எடுத்துக்கொள்கிறார். கேட்பவனுக்கு விளங்காத ஒலியினால் சபைக்குப் பக்திவிருத்தி உண்டாகாது என்பதே அவர் உணர்த்தும் சத்தியம்.

இப்பொழுது சபைக்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கும்படி வாலிபர் கேட்கிறார்கள். மூப்பர் சிலரோ அது வீண்செலவு என்கிறார்கள். வாங்கவேண்டும் என்பதே என் கருத்து. முப்பது பேர் பாட, மின்விசிறிகளும் சுழலும் அறையில், விரலால் மீட்டும் கிட்டாரின் ஒலி மூன்றாம் வரிசையைக்கூட எட்டுவதில்லை. பாடல் நடத்துகிறவர் தொண்டை கிழியக் கத்த நேரிடுகிறது.

ஆனால் பெரியதை வாங்கவேண்டாம். நூறு வாட்டுக்கு மேலிருந்தால் பிற்காலத்திற்கும் உதவும் என்பது வாலிபரின் வாதம். ஒரே ஸ்பீக்கரில் வாட்டை இருமடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு அது சிறு வேறுபாடே. இருபது, முப்பது பேர் கூடும் வீட்டிற்கு 30 முதல் 60 வாட் தாராளம். ரோலண்டு ஏசி-33 என்பது 30 வாட். எட்டு சிறு பேட்டரிகளாலும் இயங்கும் என்பதால் மின்சாரம் தடைப்படும் தெருக்களுக்கு ஏற்றது. ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட். இவ்வளவுக்குள் தேடினால் போதும்.

வாட்டைவிட முக்கியமானவை வேறு. எலக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர் ஒலிக்குத் தன் சாயலை ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. மேல் சுரங்களின் தெளிவை அது மழுங்கச் செய்யும். அன்று நடந்தது அதுவே. அக்கூஸ்டிக் கருவிக்கென்று செய்யப்பட்டதில் பெரும்பாலும் மேல் சுரங்களுக்கென்று தனியாக ஒரு ட்வீட்டர் இருக்கும். அடுத்து, கிட்டாருக்கு ஒன்று, மைக்கிற்கு ஒன்று என இரண்டு சேனல்கள் கட்டாயம் வேண்டும். பாடுகிறவரின் சொற்கள் கிட்டாருக்குமேல் நிற்கும்படி ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இயலவேண்டும். மூன்றாவது, சிறிய அறையில் கிட்டாரின் உடலே ஒலியை வாங்கி அதிர்ந்து ஊளையிடும்; அதை அடக்க 'நாட்ச்' திருகோ 'ஃபேஸ்' பொத்தானோ உதவும். ஆலயத்தின் பெரிய ஒலியமைப்புடன் இணைக்க 'டிஐ' வெளியீடும் இருந்தால், பிற்காலத்தைப் பற்றிய கவலையும் தீரும்.

வாலிபரே, ஒரு வேண்டுகோள். கடைக்காரர் வாசித்துக் காட்டுவதை மட்டும் கேட்டு முடிவுசெய்யாதீர்கள். உங்கள் கிட்டாரையே கொண்டுசென்று வாசியுங்கள். கூடுமானால் இரண்டொரு நாள் வாங்கிவந்து, கூட்டம் நடக்கும் வீட்டிலேயே வைத்து, அந்த அம்மாவைப் பின்வரிசையில் அமரச்செய்து, புதிய பாட்டொன்றைப் பாடுங்கள். அவர் இரண்டாம் சரணத்தில் உங்களோடு சேர்ந்து பாடினால், அதையே வாங்கலாம். சேராவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். விதவைகளும் தினக்கூலிகளும் இட்ட காணிக்கையல்லவா அது!

மூப்பர்களே, உங்கள் தயக்கத்தின் நியாயத்தையும் மதிக்கிறேன். சுவருக்கு அப்பால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் நம் அயலகத்தார். வீட்டிற்குள் நிறைந்து, வாசலோடு நிற்கும் ஒலியே நமக்குத் தகும். அவர்களுக்கு இடறலாய் இராமல் பாடுவதும் சாட்சியே.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்கள் கைகளின் வாசிப்பு உமது வார்த்தையை மறைக்காதபடி காத்தருளும். பின்வரிசையில் இருப்பவரையும் உம்மைப் பாடச்செய்யும். ஆமென்.