வெட்டுமுன் கேட்க

பாடுதல் ஒரு கலை. பாடியதைப் பதிந்து, வெட்டி, ஒட்டி, ஒழுங்குசெய்தல் மற்றொரு கலை. முன்னதைப் பற்றி நம் முன்னோர் விரிவாக எழுதி வைத்தனர். பின்னதோ அண்மையிலேதான் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டியிருக்கிறது. ஆதலின் இவ்வாரம் அதனைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

ஒலிநாடாக் காலத்தில் வெட்டுதல் என்பது மெய்யாகவே வெட்டுதலாக இருந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடும். ஒரு சொல்லை நீக்க வேண்டுமாயின், நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, அச்சொல் தொடங்கும் இடத்தைச் செவியாற் கண்டு, குறியிட்டு, சவர அலகினாற் சாய்வாக அறுத்து, ஒட்டுநாடாவால் இணைப்பர். ஓரங்குலம் தவறினால் விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே அறுக்குமுன் பலமுறை கேட்டனர்.

இன்று அவ்வேலை முழுவதையும் மேசைமேல் அடங்கும் ஒரு பெட்டி, கணினியின் துணையுமின்றிச் செய்து முடிக்கிறது. அமெரிக்கரான ரொஜர் லின் வடிவமைக்க, யப்பானின் அக்காய் நிறுவனம் 1988இல் வெளியிட்ட ‘எம்.பி.சி. 60’ இவ்வகைக் கருவிகளின் முன்னோடிகளுள் ஒன்று. விரலால் தட்டுதற்குரிய 16 கட்டைகள் அதில் இருந்தன. அதன் வழிவந்த இன்றைய கருவிகளில் ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனி ‘ட்ராக்’ உண்டு. கச்சேரி மேடையில் பாடகருக்கும் வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் வெவ்வேறு ஆசனம் இருத்தல் போன்றது இது. ட்ராக்கில் இடப்படும் ஒலித்துண்டே ‘கிளிப்’. அதனை நகர்த்தலாம்; குறுக்கலாம்; பிரதி எடுக்கலாம். வேண்டாமெனின் பழைய நிலைக்கு மீளலாம்.

இவ்வசதிகளுள் ஒன்று மிகுந்த கவனத்துக்குரியது. அதன் பெயர் ‘குவாண்டைஸ்’. காலத்தைச் சமமான கட்டங்களாக வகுத்து, முந்தியும் பிந்தியும் விழுந்த தட்டுக்களை அருகிலுள்ள கோட்டுக்கு இழுத்து நிறுத்துவது அதன் தொழில். பாடிய குரலையுங்கூட நீட்டியும் சுருக்கியும் அவ்வாறு நிறுத்தலாம். தாளம் பிசகிய இடத்துக்கு இது நன்மருந்து. எனினும், 1980இல் தாம் வெளியிட்ட தாளக் கருவியிலேயே இத்திருத்தத்தை அமைத்த லின், ‘சுவிங்’ என்னும் வேறொரு வசதியையும் உடன் அமைத்தார். அதன் அளவு 50 எனின் தட்டுக்கள் சரிசமமாய் விழும். 75ஐ நோக்கி உயர்த்த உயர்த்த, இரண்டிரண்டு தட்டுக்களில் பின்னது சற்றே தாமதிக்கும். சமமாய் விழுவதெல்லாம் சுவையாகாது என்பதைக் கருவி செய்தவரே உணர்ந்திருந்தார் அன்றோ?

இதற்கும் நமது ஊருக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். கீழைக்கரையில் வாழும் நமக்கு அம்பாப் பாடல் புதிதன்று. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஒருமித்து ஏற்றுப் பாடுவது அது. அப்பாட்டுக்குத் தாளம் வகுப்பது கயிறு. வலை கனத்தால் அடி நீளும், இலகுவானால் விரையும், கால் ஊன்றி மூச்சு வாங்குமிடத்திற் பாட்டும் நிற்கும். இன்றோ பல கரைகளில் உழவு இயந்திரம் வலையை இழுக்கிறது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டுவதில்லை.

ஆதலின் முதியோரிடம் எஞ்சியுள்ள அம்பாவைப் பதிந்து வைக்க விரும்பும் மாணவரைக் கண்டு நாம் பெரிதும் மகிழ்கிறோம். ஆனால் அப்பதிவைக் கட்டத்துள் அடைத்து, இடைநிற்றலை ‘வெற்றிடம்’ என வெட்டிவிட்டால், செவிக்கு இனிய பாட்டொன்று கிடைக்கலாம். வலை இழுத்தவரின் உழைப்பு அதிலிராது. நாளை அதனைக் கேட்கும் குழந்தை, அம்பா என்பது இத்தகையதே என்று நம்பிவிடும். திருத்திக் காட்டக் கடற்கரையில் அன்று யாரும் இருக்கமாட்டார்.

எனவே மாணவர்க்குச் சில சொற்கள். பதிவு முடிந்தவுடன் பிரதியொன்று எடுத்து, நாளும் இடமும் குறித்து, கைபடாமல் வேறாக வையுங்கள். கருவியின் சில கட்டளைகள் மூலத்தையே மாற்றிவிடக் கூடியவை. வெட்டும் வேலையைப் பிரதியிலேயே செய்யுங்கள். ஒலியலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டி, முனைகளைச் சிறிதே தேய்த்து மங்கச் செய்தால் ‘டிக்’ என்னும் ஓசை எழாது. இருமலையும் வாகன இரைச்சலையும் நீக்குங்கள்; மூச்சை நீக்காதீர்கள். புதிய பறையோ கித்தாரோ சேர்க்க விரும்பினால் அதற்கெனத் தனி ட்ராக் வகுத்து, அம்பாவின் நடைக்கு அதனை இணங்கச் செய்யுங்கள். அதன் நடைக்கு அம்பாவை இழுக்காதீர்கள்.

பெற்றோரே, பிள்ளை இப்பெட்டியோடு இரவில் அமர்ந்திருப்பதைக் கண்டால் விளையாட்டென்று கடிந்துகொள்ளாதீர்கள். அருகிருந்து கேளுங்கள். எந்த இடைநிற்றல் பிழை, எது உயிர் என்பதைக் கருவி அறியாது. கரையில் அப்பாட்டைக் கேட்டு வளர்ந்த பாட்டனார் வீட்டில் இருப்பாராயின், வெட்டுமுன் அவரை ஒருமுறை கேட்பது நன்று.